ஜமக்காளத்தின் அடியில்: திருப்பூர் வீடுகளில் அடிவிரிப்புத் தேர்வு குறித்த முறையான ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

விரிப்புகளைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் எழுதிவிட்டது. 1949-இல் அல்த்தாய் மலைப்பகுதியில், பனியில் உறைந்து கிடந்த ஒரு கல்லறையிலிருந்து பசிரிக் கம்பளத்தை வெளியே எடுத்தார்கள். வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சு என்று எண்ணினார்கள். ஓரத்தில் நடக்கும் மான்களையும் குதிரைக்காரர்களையும் வியந்தார்கள். அந்தக் கம்பளத்துக்கு அடியில் எதைப் போட்டால் நல்லது என்று யோசித்தவர் யாருமில்லை. நம் பவானி ஜமக்காளத்தின் கதையும் அதுவே. அதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அடியில் முதுகு நோகக் கிடப்பதற்கு எந்தக் குறியீடும் இல்லை. இந்த ஓரவஞ்சனையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: வடக்கே அவிநாசி, கிழக்கே ஊத்துக்குளி, தெற்கே பல்லடம், மேற்கே மங்கலம். இந்த எல்லையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இது பனியன் சீமை. பனியன் என்பது என்ன? சட்டைக்குப் போடும் அடிவிரிப்பு. வியர்வையைத் தான் வாங்கிக்கொள்ளும்; மேலே இருப்பதன் ஆயுளைக் கூட்டும்; வெளியே தலைகாட்டினால் மரியாதைக் குறைவு. வெளியே தெரியாத ஒன்றைச் செய்தே உலகத்துக்குத் தெரிந்துவிட்ட ஊர் திருப்பூர். அப்படிப்பட்ட ஊர் தன் வீட்டு ஜமக்காளத்துக்கு அடியில் எதைப் போடுகிறது?

கள ஆய்வில் கிடைத்த முதல் விடை: காசு கொடுத்து எதையும் போடுவதில்லை. ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

2. சிக்கலின் வரலாறு

சாணி மெழுகிய தரைக் காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. தரைக்கே ஒரு பிடிப்பு இருந்தது. பாய் விரித்த இடத்தில் கிடந்தது. பிறகு சிமெண்டுத் தளம் வந்தது, ரெட் ஆக்ஸைடு வந்தது, மொசைக் வந்தது. அதுவரைக்கும் தாங்கியது. வீட்டுக்குள் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்ததும் நிலைமை கெட்டது. முகம் பார்க்கும்படி மின்னும் தரையில் ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் ஒரு பெரியப்பா உட்காரப் போனால், பெரியப்பா ஒரு பக்கமும் ஜமக்காளம் இன்னொரு பக்கமும் போகும் நிலை உருவானது. சீர் வைக்கும் அன்று இது நடந்தால் சம்பந்தமே கசந்துபோகலாம்.

இரண்டாவது காரணம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றிவிட்டு, மிச்சத்தைக் கொண்டு வீட்டுக்குள் நுழையும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் கோரைப்பாய் எம்மாத்திரம்? கதவைத் திறந்ததும் பாயின் நுனி எழுந்து நின்று வருகிறவரை வரவேற்கும். ஆகவே அடிவிரிப்பு என்பது வழுக்கலுக்கும் காற்றுக்கும் ஒருசேரச் சொன்ன பரிகாரம்.

3. வகைப்பாடு

வழக்கிலுள்ள அடிவிரிப்புகள் ஆறு. ஒன்றுமே போடாமல் விடுவதையும் சேர்த்தால் ஏழு.

முதலாவது காகிதம். இதைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் ஊருக்குப் புதிதல்ல. கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக லே போடும்போது, மேஜைக்கும் முதல் அடுக்குக்கும் நடுவில் பழுப்புக் காகிதம் விரிப்பார்கள். அடியில் உள்ள துணி இழுபடாது. லேயை நகர்த்தவும் வசதி. காகிதம் போடாமல் லே போட்டால் கட்டிங் மாஸ்டர் கூரை பறக்கக் கத்துவார். அதே கட்டிங் மாஸ்டர் வீட்டில் ஜமக்காளம் வெறும் டைல்ஸில் கிடக்கும். வீட்டில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பழைய செய்தித்தாளே பிடிக்கிறது. அதன் ஒரே குறை, பெருக்குவதற்காக ஜமக்காளத்தைத் தூக்கியவர் அங்கேயே குந்தி, போன தேர்தல் முடிவைப் படிக்கத் தொடங்கிவிடுவது. வேலை நடக்காது.

இரண்டாவது அட்டைப்பெட்டி. ஏற்றுமதிக்கு வரும் 5 ப்ளை, 7 ப்ளை கார்ட்டன்களைப் பிரித்துத் தட்டையாக்கிப் போடுவது. லைன் வீடுகளில் இதுவே அரசன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தேனிப் பக்கத்திலிருந்தும் வந்த பையன்கள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து இதன்மேல் பாயைப் போட்டுத்தான் படுக்கிறார்கள். தரைக்குளிர் ஏறாது, முதுகுக்கும் இதம். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட முகம் பெரும்பாலும் தரையைப் பார்த்தே கிடப்பதை இக்கட்டுரை பதிவுசெய்கிறது. மழைக்காலத்தில் சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறினால் 7 ப்ளையும் அப்பளமாகிவிடும்.

மூன்றாவது சணல் சாக்கு. பிடிப்பில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாயைத் தாண்டியும் குத்தும். விருந்தாளி சீக்கிரம் எழுந்துவிடுவார். இதைக் குறையென்று கொள்வதா குணமென்று கொள்வதா என்பது விருந்தாளியைப் பொறுத்தது.

நான்காவது பழைய சேலை. பாலியஸ்டர் சேலை டைல்ஸில் தானே வழுக்கும். நோயைவிட மருந்து மோசம். நூல் சேலை பொருந்தும். ஆனால் அது பாட்டியுடையது என்றால், மிதிபடப் போடுவது தகுமா என்ற அறச்சிக்கல் எழுந்து, சேலை மறுபடி பீரோவுக்கே போய்விடும்.

ஐந்தாவது பனியன் துணி. அதற்குத் தனி இயல் உண்டு. ஆறாவது கடைச்சரக்கு: ரப்பர் பூசிய வலை, ஃபோம் ஷீட் முதலியன. இதற்கு இறுதியில் வருவோம்.

4. அளவையியல்

மேலை நாடுகளில் அடிவிரிப்பை டாக் என்னும் அலகால் அளக்கிறார்கள். மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் உண்டாக்கிய அலகு அது. துணியோ விரிப்போ வெப்பம் தப்பிப் போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும். அங்கே குளிர்காலப் போர்வைகளை 13.5 டாக் என்றெல்லாம் போட்டு விற்பார்கள். இந்த அலகைத் திருப்பூரின் சித்திரை மாதத்தில் பயன்படுத்திப் பார்த்தால், விரும்பத்தக்க டாக் பூஜ்யம் என்றும், கிடைத்தால் அதற்கும் கீழே தேவை என்றும் தெரிகிறது.

ஆகவே உள்ளூர் அளவையே உத்தமம். அது ஜி.எஸ்.எம்.; அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். வட்ட வடிவ ஜி.எஸ்.எம். கட்டரைத் துணிமேல் வைத்து ஒரு திருகு திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுப்படும். அது 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜி.எஸ்.எம். இந்தக் கருவி இல்லாமலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைப் பிடித்து, "நூத்தி எம்பது வருமுங்" என்று சொல்லும் அம்மிணிகள் இந்த ஊரில் ஏராளம்.

இங்கே ஓர் அதிசயம். தரைக்கு அடியில் சூடேற்றும் வீடுகளில் கம்பளமும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது என்பது மேலை நாட்டுப் பரிந்துரை. திருப்பூரில் சரக்கைச் சோதிக்கும்போது பெரிய குறைகளுக்குப் பையர்கள் வழக்கமாகக் கேட்கும் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) அளவும் 2.5. ஒன்று வெப்பம், மற்றது ஓட்டை. ஆனாலும் எண் ஒன்றே. இது தற்செயல் அன்று என இக்கட்டுரை உறுதியாகக் கருதுகிறது. காரணம் பின்னொரு கட்டுரையில் விளக்கப்படும்.

5. பனியன் துணியியல்

எல்லாப் பனியன் துணியும் அடிவிரிப்பு ஆகாது. சிங்கிள் ஜெர்சியை வெட்டிப் போட்டால் அதன் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். ஒரு பக்கத்தில் மட்டும் முகம் காட்டும் பின்னல் அது. இழுவிசை இரு புறமும் சமப்படுவதில்லை. ஜமக்காளத்துக்கு அடியில் அது சுருண்டால் நடுவீட்டில் வரப்பு கட்டியதுபோல் ஆகும். ரிப் துணி அகலவாட்டில் இழுபடும். மாமா ஒருபக்கம் நகர்ந்தால் அத்தையும் கூடவே நகர்வார். ஃபிலீஸ் பஞ்சு போல இருக்கும். மார்கழியில் சொர்க்கம், பங்குனியில் அடுப்பு. பிக்கேயில் உள்ள குழிகளில் மிக்சர் துகள் போய் அடையும், எறும்புக்கு அன்னதானம்.

எஞ்சுவது இன்டர்லாக். இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும், ஓரம் சுருளாது, வெட்டிப் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். 220 ஜி.எஸ்.எம். சுற்றி ஓவர்லாக் அடித்தால் பிரியாது. வெட்டுவதற்கு முன் துணியை உதறி விரித்து ஒரு நாள் ரிலாக்ஸ் ஆக விட வேண்டும். இல்லாவிட்டால் அது ஜமக்காளத்துக்கு அடியில் போய் ரிலாக்ஸ் ஆகும், அளவு மாறும்.

அடுத்தது சாயம். கருஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவை ஈரத்தில் உரசினால் ஒட்டும். தேய்ப்புச் சோதனையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள், 5 நல்லது. அடர் நிறங்கள் ஈரத்தேய்ப்பில் பெரும்பாலும் பின்வரிசை மாணவர்கள். டீ கொட்டிய இடத்தில் வெள்ளை டைல்ஸ் சிவந்துவிட்டால், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது முதல் நொய்யல் ஆற்றில் சாயம் கலந்த கதை முழுவதையும் வீட்டுக்கார அம்மா புதிதாக ஆரம்பித்துவிடுவார். வெள்ளை அல்லது வெளிர் நிறமே பாதுகாப்பு.

6. பொருளியல்

இனிக் காஸ்டிங். ஆறடிக்கு நாலடி ஜமக்காளம். அடிவிரிப்பு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் நாற்புறமும் இரண்டு அங்குலம் குறைக்கிறோம்: 68 அங்குலத்துக்கு 44. இது 1.93 சதுர மீட்டர். 220 ஜி.எஸ்.எம். என்றால் 425 கிராம். இரண்டு மடிப்பு 850 கிராம். ஒரு கிலோ வாங்கினால் மிச்சம் 150 கிராம், கிரைண்டர் காலுக்கு. ஆனால் ஒரு கிலோவை யார் வாங்குகிறார்கள்? மிஷினில் ஊசி போய்க் கோடு விழுந்த துணியோ, ஷேடு மாறிய துணியோ, ஏதோ ஒரு பெரியப்பா கம்பெனியில் மூலையில் கிடக்கும். இல்லையேல் மிச்சத் துணி விற்கும் காதர்பேட்டை இருக்கிறது.

அடிவிரிப்புக்கு நிதித்துறைப் பொறுப்பும் உண்டு. சீட்டு ரசீது, ஈ.பி. கார்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாத சேமிப்பு எல்லாம் அதற்கும் தரைக்கும் நடுவில்தான் வாழ்கின்றன. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழ்நாட்டில் பல ஜமக்காளங்கள் ஒரே நேரத்தில் தூக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டுக்காக மறுபடியும் ஒருமுறை.

7. மறுப்பும் விடையும்

யாருமே தூக்கிப் பார்க்காத ஒன்றுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். இதே வினாவை ஓர் இல்லத்தரசியும் எழுப்பினார்:

"ஏனுங், அதுக்கடியில என்னத்தைப் போட்டா என்னுங்? வர்றவிய மேலதான உக்கோருவாங்க."

"அப்ப எதுக்குங் இன்டர்லாக் போட்டிருக்கீங்க?"

"சிங்கிள் ஜெர்சி சுருண்டுக்குமுங்."

வாதம் இத்துடன் முடிந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது: மறைந்திருப்பதை விற்றே வாழும் ஊர், மறைந்திருப்பதற்குக் காசு தர மறுப்பது முறையா? முறையே. அடியில் கிடப்பது அந்தப் பொருளின் பிறவிக் குணமல்ல, அதன் தற்போதைய வேலை. இதை இந்த ஊர் தன் அனுபவத்திலேயே கண்டது. 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். அதுவரை சட்டைக்குள் ஒளிந்திருந்த பின்னல் துணி, கொஞ்சம் கை நீண்டு, படம் அச்சாகி, வெளிநாட்டில் சட்டை இல்லாமலே தெருவில் நடமாடத் தொடங்கியது. உள்ளாடைக்கு வாய்த்த அந்தப் பதவி உயர்வு அடிவிரிப்புக்கும் காத்திருக்கிறது. கிழிந்த பின் அது வேஸ்ட் கடைக்குப் போகிறது. அங்கே நிறம்வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு மிஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் மறுபடி நூலாக்குகிறார்கள். நிறம் பிரித்தே பஞ்சாக்குவதால் புதிதாகச் சாயம் போடும் வேலையும் குறைவு. அந்த நூலில் விரிப்பும் நெய்கிறார்கள். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் விரிப்பு முன்னொரு நாள் இன்னொரு விரிப்புக்கு அடியில் கிடந்ததாக இருக்கலாம். இந்தச் சுழற்சியை அறிந்தவர்களிடம் அடிவிரிப்பு என்று தனியாக ஒரு சரக்கை விலைபேசுவது கடினம். அதன் அடக்க விலையும் அவர்களுக்குத் தெரியும், அடுத்த பிறவியும் தெரியும்.

8. முடிவுகள்

ஒன்று: வெளிர் நிற இன்டர்லாக், 220 ஜி.எஸ்.எம்., இரண்டு மடிப்பு, ஓவர்லாக், நாற்புறமும் இரண்டு அங்குலம் குறைவு.

இரண்டு: வாரம் ஒருமுறை எடுத்து உதறி வெயிலில் போடவும். முன்னதாக ரசீதுகளை எடுத்துக்கொள்ளவும்.

மூன்று: டைல்ஸ் ஈரமாக இருக்கும்போது எதையும் விரிக்க வேண்டாம், எந்த ஜி.எஸ்.எம்.மும் காப்பாற்றாது.

நான்கு: கடையில் வாங்கிய ரப்பர் வலையோ, லண்டன் உறவினர் பெட்டியில் சுருட்டிக் கொண்டுவந்த ஃபோம் அடிவிரிப்போ வீட்டில் இருந்தால், அதை யாரும் ஜமக்காளத்துக்கு அடியில் போடுவதில்லை என்பது கள உண்மை. காசு கொடுத்த பொருளை மறைத்து வைக்க மனம் வராது. அது ஹாலின் நடுவில், எல்லாரும் பார்க்க, மேலேயே விரிக்கப்படும். அதுவும் வழுக்காமல் இருக்க அதற்கு அடியில் என்ன போடுவது என்ற கேள்வி அப்போது எழும்.

இன்டர்லாக். இரண்டு மடிப்பு.