0412-இல் அத்தை கண்ணை மூடிவிட்டார்

நேற்றுக் காலையும் ஸ்டுடியோவிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. "சார், செலக்‌ஷன் லிஸ்ட் இன்னும் வரல. ஆல்பம் லேட்டானா எங்களைச் சொல்லக்கூடாது." பக்கத்தில் கும்பிடும் கை ஒன்று. அந்தக் கையைப் பார்த்ததும்தான் கட்டுரையாளருக்குக் காபி கசந்தது. திருச்சியில் அவருடைய அண்ணனின் மணிவிழா நடந்தது தை மாதத்தில். இப்போது ஜவுளிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடி பேனர். தாமதம் ஸ்டுடியோவால் இல்லையாம், குடும்பத்தாலாம். அது உண்மையாகவும் இருப்பதுதான் எரிச்சல்.

குடும்பப் படத்துக்கு ஆள் வைக்கிறவர்கள் மீதிப் பணத்தை எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும் என்பதில் கட்டுரையாளருக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தார். நடைமுறையை மட்டும் சுருக்கமாக முதலில்.

ஸ்டுடியோவுக்குள் போனதும் யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தைத் தூக்கி மடியில் வைப்பார்கள். விரித்தால் 12-க்கு 36 அங்குலம், கரிஷ்மா ஆல்பம். முன்பின் தெரியாத மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து "நல்லாருக்கு" என்று நாம் சொன்ன பிறகுதான் பேச்சு பேக்கேஜுக்கு வரும். ட்ரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிட்டுக்கு ஒருவர், வீடியோ, டிரோன். ஏ.சி. மண்டபத்துக்குள் நடக்கிற விழாவுக்கு டிரோன் எதற்கு? "அது காம்போல வருது சார்." அட்வான்ஸ் கைமாறியதும் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: ஹார்டு டிஸ்க் நாம்தான் வாங்கித் தர வேண்டும்.

விழா அன்று குரூப் போட்டோ. உயரமானவர்கள் பின்னால், பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில். "ப்ளூ சட்டை அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார் போட்டோகிராபர். ப்ளூ சட்டை போட்டிருந்த மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். எல்லோரும் நின்று முடித்த பிறகுதான் அண்ணனின் மாப்பிள்ளை பந்தியில் இருப்பது தெரிந்தது. அவர் பாயசம் முடித்து, கை கழுவி வருவதற்குள் கைக்குழந்தை தூங்கிவிட்டது. அதை எழுப்பினார்கள். அது அழுதது. அது அழுகிற படம்தான் இருப்பதிலேயே நல்ல படம். ஆனால் அது லிஸ்டில் வராது.

ஏன் வராது என்பதற்கு வருவோம். படம் வந்ததும் நாம் எதைப் பார்க்கிறோம்? 18 பேர் இருக்கிற படத்தில் 17 பேரைத் தாண்டி இரண்டு விரல் நேராக ஒரே இடத்துக்குப் போகிறது. பெரிதாக்குகிறது. உதடு பிதுங்குகிறது. "இது வேணாம்."

சித்தப்பாவுக்கு 0409 போதும்; அதில்தான் சட்டை தொப்பையை மறைக்கிறது. அந்த 0409-இல் அண்ணிக்குக் காசுமாலை தெரியவில்லை. முன்னால் ஒரு பிள்ளையின் தலை. 0410-இல் காசுமாலை முழுசாகத் தெரிகிறது, அண்ணன்தான் கொட்டாவி விடுகிறார். அண்ணிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. 0411-ஐப் பெங்களூரிலிருந்து மருமகள் தேர்வு செய்து மூன்று இதயங்களுடன் அனுப்பினாள்; அதில் அவளையும் அவள் கைப்பையையும் தவிர மற்றவர்கள் மங்கல். 0412-இல் எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். ஆனால் அத்தை கண்ணை மூடியிருந்தார். 0413-இல் அத்தை கண்ணை முழுசாகத் திறந்திருந்தார். யாரோ அதட்டியது போல. "பேய் அறைஞ்ச மாதிரி இருக்கேன். 0412-லயே கண்ணைத் திறந்துவிடச் சொல்லேன்" என்றார். திறக்கலாம் என்றது ஸ்டுடியோ. 0413-இன் கண்ணை 0412-க்கு மாற்றினார்கள். அத்தை அனுப்பிய பதில்: "கண்ணு என்னுது மாதிரியே இல்லை."

இதற்கு நடுவே கேண்டிட் தம்பியின் கேமராவிலும் ஒரு 0412 இருந்தது. கேமராக்கள் நாலு இலக்கத்தில் எண்ணிக்கொண்டே போகும். இரண்டு கேமரா, இரண்டு ஃபோல்டர், ஒரே நம்பர். அந்த 0412-இல் ஒரு வடை மட்டும் இருக்கிறது. பின்னணி மங்கலாக, மிக அழகான வடை. அண்ணியின் தம்பி "0412 சூப்பர், அதையே பெரிசாப் போட்டு ஃப்ரேம் பண்ணுங்க" என்று குடும்பக் குழுவில் எழுதினார். அவர் எதைச் சொன்னார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

கண் விஷயத்தில் விஞ்ஞானம் வேலை செய்யாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும், குரூப் போட்டோவில் யாருமே கண் மூடாத படம் கிடைக்க எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு அதற்குத்தான். 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களை மூன்றால் வகுத்தால் போதும். 18 பேருக்கு 6 படம். நமது போட்டோகிராபர் 30 எடுத்தார். கண்ணுக்குச் சூத்திரம் உண்டு. காசுமாலைக்கு யார் கண்டுபிடிப்பது?

1839-இல் டகெரோடைப் வந்த புதிதில் இந்த ரகளை கிடையாது. உட்கார்ந்தவர் அசையாமலிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையை நிறுத்தினார்கள். அதன் பிறகு வந்த ஃபிலிம் காலமும் மரியாதையான காலம்தான். 120 ரோலில் சதுரப் படம் எடுத்தால் மொத்தமே 12. குடும்பத்துக்கு ஒன்று எடுப்பார், "சேஃப்டிக்கு" இன்னொன்று. எந்தப் பிரிண்ட் என்பதை ஸ்டுடியோக்காரரே தீர்மானிப்பார். நெகட்டிவ் மேல் பென்சிலால் மெல்லத் தீற்றி முகப்பருவை மறைப்பார். அந்தப் படங்களில் அத்தை கண்ணை மூடியிருந்தால் ஐம்பது வருஷம் அப்படியே சுவரில் தொங்கினார், யாரும் செத்துப்போகவில்லை.

கட்டுரையாளர் கடைசியில் சட்டத்தை எடுத்தார். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17: காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதைச் சற்றுக் கடுமையான குரலில் போனில் வாசித்துக் காட்டினார். எதிர்முனையில் பையன் குரல் பணிவாகவே இருந்தது. "தாராளமா சார், எல்லாமே உங்க படம்தான். எந்தப் படம்னு மட்டும் சொல்லுங்க."

மீதிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குள் அம்மாவின் கோரிக்கை வந்துவிட்டது: அப்பாவையும் படத்தில் சேர்க்க வேண்டும். அப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. கையில் இருந்தது பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான். அதுவும் ஸ்டுடியோவில் தயாராக இருக்கிற கோட்டை ஒட்டிக் கொடுத்த படம். டிசைனர் அதை வெட்டி, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி அனுப்பினார். வேட்டியும் பட்டுப்புடவையுமாக நிற்கிற கூட்டத்தின் நடுவில், கோட்டும் டையுமாக, கேமராவை முறைத்தபடி அப்பா.

அம்மா போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். முதலில் தன் முகத்தை. அப்புறம்தான் அப்பாவை.

"இவர் எப்ப கோட்டுப் போட்டார்? கழட்டச் சொல்லு."

டிசைனரிடம் கேட்டதற்கு, "கழட்டினா உள்ள ஒண்ணும் இல்ல சார், வெறும் கழுத்துதான்" என்றார்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப 0409-ல உங்க சித்தப்பா போட்டிருக்கிற சட்டையை எடுத்துப் போட்டுவிடச் சொல்லு. அது நல்லாருக்கு."

குழுவில் சித்தப்பா தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.