பறக்கிற சாமானுக்கும் ஒரு துறை

கேள்வி: மைன்கிராப்ட் விளையாட்டில் ஹப்பி காஸ்ட் என்ற பறக்கும் பிராணி வந்து நிற்க மலையுச்சியில் பெரிய தளம் கட்டினேன். மூன்று நாள் வேலை. இறங்கி உள்ளே போய்விட்டு வந்தால் பிராணியைக் காணோம். படம் இணைத்திருக்கிறேன். என்ன பிழை?
(பத்தாம் தர மாணவன், களுதாவளை)

பதில்: தம்பி, தோணியைக் கட்டாமல் தேத்தண்ணி குடிக்கப் போனால் வாவியிலும் இதேதான் நடக்கும்.

ஹப்பி காஸ்டின் முதுகில் நீர் நிற்கும்வரை அது அசையாது. அந்தரத்தில் நிறுத்திவைத்து, அதன்மேல் நின்றபடியே கோபுரம் கட்டலாம். நீர் காலை எடுத்துத் தரையில் வைத்தால் அது தன் பாட்டில் உலாவக் கிளம்பிவிடும். சேணம் பூட்டியது என்றால் விட்ட இடத்தைச் சுற்றி 32 புளொக் அளவுக்குள்தான் திரியும். ஆகவே தொலையவில்லை, மலைக்குப் பின்னால் போய்ப் பாரும்.

படத்தைப் பார்த்தேன். தூண் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கொடி கூட இருக்கிறது. கயிறு கட்ட ஒரு முளை இல்லை. மேசன்மார் வீடு கட்டி முடித்தபிறகு பிளக் பொயின்ற் எங்கே என்று கேட்பதைப்போல இருக்கிறது.

பிராணியின் அளவைப் பார்த்துத் துறையைக் கட்டும். அது நீளம், அகலம், உயரம் எல்லாம் நான்கு புளொக். எனவே தளத்தின் ஓரத்தில் ஐந்து புளொக் அகலத்துக்கு ஒரு வெட்டு விடும், ஆழம் நான்கு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வெளி. அது உள்ளே வந்து அமர்ந்தால் முதுகும் உமது தளமும் ஒரே மட்டத்தில் வரும். காரணம் இருக்கிறது: அதைவிட்டு இறங்குகிறவரை விளையாட்டு அதன் முதுகின்மேல்தான் நிறுத்துகிறது. மட்டம் சரியென்றால் அப்படியே நடந்து வீட்டுக்குள் போகலாம், குதிக்கத் தேவையில்லை. ஓரத்தில் ஒரு வேலிக்கால் நட்டு அதில் கயிற்றைக் கட்டும். ஐந்து நூல் இருந்தால் கயிறு தயார். கொடியைப் பிறகு ஏற்றலாம்.

கேள்வி: இதே களுதாவளைப் பிள்ளையின் தாய் எழுதுகிறேன். உலர்ந்த எதையோ தண்ணீரில் போட்டுவிட்டு இருபது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ஊறவில்லை" என்கிறான். இது என்ன விரதம்?

பதில்: அம்மா, கருவாட்டை ஊறப்போட்டு மீனை உயிரோடு எடுக்கிற வேலை. நெதர் என்று அந்த விளையாட்டில் ஒரு நெருப்பு உலகம் உண்டு. அங்கே காய்ந்து கிடக்கிற காஸ்டை எடுத்துவந்து தண்ணீருக்குள் வைத்தால் இருபது நிமிடத்தில் குஞ்சாகும். வளர இன்னொரு இருபது நிமிடம். பனிப்பந்து ஊட்டினால் கெதியாக வளரும். நமது பிள்ளைகள் பனியைக் கண்டது ஐஸ் பழப் பெட்டிக்குள்தான். விளையாட்டிலாவது அவன் கையில் பனிப்பந்து கிடைக்கிறது என்றால் கொஞ்சம் விடுங்கள். பெரியதானதும் மூன்று தோல், இரண்டு கண்ணாடி, ஒரு கம்பளி சேர்த்துச் சேணம் செய்து பூட்டுவான். 2025 ஜூனில் வந்த பதிப்பில்தான் இந்தப் பிராணியே பிறந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு கணக்குப் பயிற்சி முடித்தால்தான் சேணம் என்று பேரம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பிராணி வந்து நிற்கிற இந்தத் தளத்துக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று சொல்லுங்கள். "வானூர்தி நிறுத்த மேடை" என்று எழுதினேன். வாயில் நிற்கவில்லை.
(ஆசிரியர், ஆரையம்பதி)

பதில்: சேர், மட்டக்களப்பில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? துறை. நமது வாவி 56 கிலோமீற்றர் நீளம். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, விழுகிற பக்கம் படுவான்கரை. நடுவில் தண்ணீர். கடக்கிற இடமெல்லாம் துறை: அம்பிளாந்துறை, மண்முனைத்துறை. ஆளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக் கரைமாற்றுகிற தட்டைத் தெப்பத்துக்கு நாம் வைத்த பெயர் "பாதை". தரையில் கிடப்பது பாதை என்று மற்ற ஊரார் நினைக்க, நமது பாதை மிதந்து போய் அக்கரையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்கே பாதைக்கு வேலையில்லை. பெயரில் துறை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: பறந்து வருவது இறங்குகிற தளம் நிஜமாகவே நமது பக்கத்தில் எப்போதாவது இருந்ததா?
(கல்லடி வாசகி)

பதில்: இப்போதும் இருக்கிறது, தங்கச்சி. கடலுக்கு அடியில்.

பிரித்தானியரின் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். விமானம் ஏறி இறங்குவதற்கென்றே முதன்முதலில் வரைபடம் போட்டு வேலை தொடங்கிய கப்பல். 1918இல் தொடங்கினார்கள், 1924இல்தான் சேவைக்கு வந்தது. பிந்தி வரைந்த ஜப்பான்காரர் தங்கள் ஹோஷோவை 1922இலேயே முடித்துவிட்டார்கள். (கொந்தராத்து வேலை இழுபடுவது நமது ஊருக்கு மட்டுமான சாபம் என்று இருந்தேன்.) ஹெர்மிஸ் என்பது சிறகுச் செருப்புப் போட்ட கிரேக்கத் தெய்வத்தின் பெயர். நீளம் 183 மீற்றர். விளையாட்டில் ஒரு புளொக் ஒரு மீற்றர் என்பதால் பிள்ளைகள் அப்படியே 183 புளொக் என்று எடுத்துக்கொள்ளலாம்.

1942 ஏப்ரலில் திருகோணமலைக்கு ஜப்பானிய விமானங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் கப்பலைத் துறைமுகத்திலிருந்து தெற்கே அனுப்பிவிட்டார்கள். 9ஆம் திகதி காலை அது திரும்பும்போது மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானியர் கண்டுகொண்டார்கள். எழும்பிப்போய் எதிர்க்க அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. விமானத்துக்கென்றே பிறந்த கப்பல், விமானம் இல்லாத நாளில் விமானத்தால் அழிந்தது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. நீரில் கிடந்தவர்களில் ஏறக்குறைய 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. இன்று அந்தத் தளம் 50 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. பழகிய சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள். இப்போது அங்கே வந்து தங்குபவை மீன்கள்.

கேள்வி: அனுமார் இறங்கிய இடத்தை விட்டுவிட்டீர்களே?
(அமிர்தகழி)

பதில்: வால் நெருப்பை மாமாங்கக் குளத்தில் அணைத்தார் என்பது உங்கள் ஊர்க்கதை. அவருக்குத் தளமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். குளம் இருந்தால் போதும்.

கேள்வி: ஹப்பி காஸ்டில் எத்தனை பேர் ஏறலாம்?
(ஏறாவூர்)

பதில்: நான்கு பேர். "பின்னுக்கு இடமிருக்கு, உள்ளுக்குப் போங்க" என்று சொல்ல அதில் நடத்துநர் இல்லை.

கேள்வி: நான்தான், களுதாவளை. பிராணி கிடைத்துவிட்டது, மலைக்குப் பின்னால்தான் நின்றது. அதன் கீழே தோணியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போகலாமா?

பதில்: போகலாம். நான்கு மூலையிலும் நான்கு கயிறாகப் பிடித்துத் தூக்கும். குதிரையையும் ஒட்டகத்தையும் கூட. மெதுவாகத்தான் பறக்கும், அவசரப்படுத்த முடியாது. பாதை பழுதென்று துறையில் காத்து நிற்கிறவர்களிடம் மட்டும் இந்தச் செய்தியைச் சொல்லிவிடாதீர், நாளைக்கே ஒன்று கேட்டு மனு எழுதிவிடுவார்கள்.

புதுத்துறை கட்டி முடிந்ததும் இன்னொரு படம் அனுப்பும். முளை தெரிகிற பக்கமாக எடும்.