ஐவகைக் கருவிக்கு ஆறாவது உரை

கருவி ஐந்து என்பது பழைய கணக்கு. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, மிடற்றுக்கருவி, கஞ்சக்கருவி. பள்ளியில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம். இவற்றுக்கு உரை கண்டோர் எல்லாரும் ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்று பார்த்தார்கள். வாசிப்பவன் கை எதை நோக்கிப் போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கூலி இல்லை, கேட்க ஆளும் இல்லை, கரண்டும் போய்விட்டது. அப்படிப்பட்ட ஒரு மாலையில் ஒரு வித்துவானின் கை தானாகப் போய் எடுக்கும் வாத்தியம் எதுவோ, அதை வைத்தல்லவா வகை பிரிக்க வேண்டும்? இக்குறை நீங்கும்பொருட்டு, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு நடந்து நடந்து யான் கண்டவற்றை, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது, ஈண்டு உரைக்கத் துணிந்தேன்.

இந்நூலுக்குப் புதுச்சேரியே ஏற்ற ஊர் என்பதற்குச் சான்றுகள் உள. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் பாரிசில் அச்சிட்ட தம் பயண நூலில் இப்பக்கத்து வாத்தியங்களையும் படம் போட்டு அடுக்கியிருக்கிறார். 1955-இல் இங்கே பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிய சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர் அலேன் தனியேலு. பிறந்தது பிரான்சு, கற்றது காசியில் ருத்திர வீணை, மொழிபெயர்த்தது சிலப்பதிகாரம். வகை பிரிக்கும் நோய் இவ்வூர்க் காற்றிலேயே இருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

அயலார் வகுத்ததையும் ஒரு வாய் சொல்லிவிடுவோம். 1876-இல் வங்கத்துச் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்சிய அரசருக்கு நூறு வாத்தியம் போல அனுப்பிவைத்தார். அவை போய்ச் சேர்ந்த பிரசல்சு அருங்காட்சியகத்தின் காப்பாளர் மாகியோன், நாட்டிய சாத்திரத்தின் நால்வகைப் பிரிவைத் தழுவி 1880-இல் தம் பட்டியலை அமைத்தார். அதை விரித்து ஓர்ன்போஸ்டல், சாக்ஸ் என்னும் இருவர் 1914-இல் எண் போட்டு உலகத்துக்கே சட்டமாக்கினர். ஆக, நம் வீட்டுச் சரக்கே கப்பலேறிப் போய் நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு திரும்பியது. ஆனால் அவர்கள் நான்கோடு நிறுத்தியதால் தமிழர் கணக்கிலிருந்த தொண்டை விடுபட்டுப் போயிற்று. 1940-இல் சாக்ஸ் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார், அது மின்கருவி. தொண்டை இருக்க வேண்டிய நாற்காலியில் கரண்டு வந்து உட்கார்ந்தது. மேடைகளில் இன்று நடப்பதும் அதுவே.

இனி நூல்.

வயிற்றுக் கொன்றும் வாசலுக் கொன்றும்
உயிருக் கொன்றும் உளவே கருவி;
கையறி யாதது காதறி யாதே.

இயற்றியவர் யானே, உரையும் அடியேன் உரையே. வயிற்றுக்கு என்பது சோறு போடும் வாத்தியம். வாசலுக்கு என்பது வந்தவர் கண்ணில் படும்படி கூடத்தில் உறையோடு நிற்பது, பெரும்பாலும் வீணை. உயிருக்கு என்பதே இந்நூல் ஆராயும் பொருள். இந்த மூன்றும் ஒன்றாகவே அமைந்த மனிதரை யான் இதுவரை ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை.

முதலாவது, தோற்கருவி. அடியார்க்குநல்லார் இதை அகமுழவு, புறமுழவு என்றெல்லாம் ஏழாகப் பிரித்துப் பெரும் பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாம் தோலால் ஆனது என்ற ஒரே எண்ணம். உண்மைப் பொருள் அஃதன்று. தோற்ற, தோற்கின்ற, தோற்கும் கருவி தோற்கருவி. அதாவது, கற்க முயன்று தோற்றும் கைவிட முடியாதது. இதைக் கேட்ட தமிழாசிரியர் ஒருவர், “வினைத்தொகையில் லகரம் திரியாது, கொல்களிறு என்றுதான் வரும், கொற்களிறு என்று வாராது, உமது கருவி தோல்கருவியாகத்தான் இருக்க முடியும்” என்று தடை எழுப்பினார். தோற்றவனிடம் புணர்ச்சி விதி பேசுவது அறமன்று என விடுக்க.

எடுத்துக்காட்டு: வில்லியனூர்த் தேர். அங்கே பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. அந்தக் கூட்டத்தில் பார்த்துப் பழகிய தவில்காரர் ஒருவர். இடக்கையில் கழி, வலக்கை விரல்களில் கூடு. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி, கல்லாகக் காயவைத்த தொப்பிகள் அவை. அவர் சொன்னார்: “தவில் சோறு போடுது சார், குறை சொல்லக் கூடாது. ஆனா கூட்டைக் கழட்டினதும் விரல் கஞ்சிராவைத்தான் தேடுது. இருபது வருஷமா வாசிக்கிறேன், வரலை.” ஏன் வரவில்லை என்பதற்குக் காரணமும் அவரே சொன்னார். கஞ்சிராவில் வலக்கை தட்டினால் போதாது. பிடித்திருக்கும் இடக்கை விரல் தோலின் விளிம்பை அமுக்கி அமுக்கித் தொனியை வளைக்க வேண்டும். ஆயுள் முழுக்கக் கழி பிடித்த இடக்கைக்கு அந்த நயம் பிடிபடவில்லை. உடும்புத் தோலுக்குத் தடை வந்தபின் ஆட்டுத்தோலில் முன்போல் நாதம் இல்லை என்றும் ஒரு குறை சொன்னார். அது காரணமா சாக்கா என்று யான் கேட்கவில்லை. தோற்றவர்க்கு ஒரு சாக்கு உரியது.

இவ்வகைக்குப் பிரெஞ்சு மொழியில் பெயரே இருக்கிறது. ஓவியர் ஏங்ர், 1780-இல் பிறந்தவர், இளமையில் துலூசு நகரத்து இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தார். பிறகு தூரிகையால் உலகப் புகழ் பெற்றும் வயலினை விடவில்லை. தொழில் ஒன்றிருக்க மனம் வேறொன்றில் கிடப்பதை அவர்கள் இன்றும் ‘ஏங்ரின் வயலின்’ என்பார்கள். நாம் அதைச் சுருக்கமாக ‘இவனுக்கு ஏன் இந்த வேலை’ என்போம்.

இரண்டாவது, துளைக்கருவி. இதில் துளை எங்கே என்பதுதான் வழக்கு. குழலில் இருப்பது என்றனர் முன்னோர். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது என்பது எம் துணிபு. 1846-இல் பாரிசில் உரிமம் பெற்ற சாக்சபோனும், கல்யாண ஊர்வலத்து டிரம்பெட்டும் இதன்பாற்படும். ஆனால் இவ்வகைக்கு அரசன் ஆர்மோனியப் பெட்டிதான். இவ்விடத்தில் சற்று நின்று போக வேண்டும். புதுச்சேரிக்கும் பெட்டிக்கும் உள்ள பகையும் உறவும் வேறெந்த ஊருக்கும் இல்லை.

பெட்டியைப் பாரிசில் 1840-களில் செய்து உரிமம் பெற்றவர் அலெக்சாந்தர் தெபேன். காலால் மிதித்து நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதாக இருந்தது. தரையில் சம்மணமிடும் நாட்டுக்கு ஏற்றபடி ஒரு கையால் துருத்தி அமுக்கி மறுகையால் வாசிக்கும் பெட்டியாகக் குறுக்கிய பெருமை கல்கத்தாவின் துவார்க்கின் கம்பெனிக்கு. நாடகக் கொட்டகைகள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின.

1908-இல் ஆங்கிலேயர் கைக்கு எட்டாதபடி பாரதியார் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தார். போலீசிடமிருந்து தப்பியவர் பிரெஞ்சுக்காரன் செய்த பெட்டியிடம் மாட்டிக்கொண்டார். சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தப் பெட்டியை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. குற்றச்சாட்டு நியாயமானதே: பன்னிரண்டு கட்டையில் பன்னிரண்டு இடம், இரண்டு கட்டைக்கு நடுவில் ஒன்றும் கிடையாது, கமகம் பிறக்கும் இடமோ அந்த நடு. அகில இந்திய வானொலியும் இதையே சொல்லி 1940 முதல் 1971 வரை பெட்டியை நிலையத்துக்குள் விடவில்லை. சிறைத்தண்டனையில்கூட முப்பத்தொரு ஆண்டு அரிது.

எதிர்த்தரப்பைக் கேளுங்கள். நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானது இதே புதுச்சேரியில். அவரது சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போடுகிறார்கள். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசை வரை பாட்டு எட்ட வேண்டிய அவரது நாடகங்களுக்குப் பெட்டியே முதுகெலும்பு. ராஜபார்ட்டு மூச்சு வாங்கும் இடத்தில் பெட்டிக்காரர் பின்பாட்டாகப் பிடித்துக்கொள்வார். மூச்சு திரும்பியதும் கொடுத்துவிடுவார். பாரதி குயில் கேட்டதாகச் சொல்லும் குயில்தோப்பு எங்கே? அதுவும் கருவடிக்குப்பமே. பெட்டியை வைதவரின் குயிலும், பெட்டியை நம்பியவரின் சமாதியும் ஒரே குப்பத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற எமக்குத் துணிவில்லை.

ஆயினும் கை எங்கே போகிறது என்பதற்குச் சாட்சி உண்டு. இளையராஜா சென்னைக்கு வந்து பிழைத்தது கித்தாரிலும் காம்போ ஆர்கனிலும். சிறுவயதில் அண்ணன் பாவலர் வரதராசன் பெட்டியைத் தொடவிட மாட்டார், தொட்டால் அடி விழும் என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். இன்று ஆயிரம் படத்துக்குப் பிறகு, எத்தனையோ வாத்தியம் வாங்கும் வசதிக்குப் பிறகு, மேடையில் அவர் முன்னால் இருப்பது எது? அடி வாங்கித் தந்த பெட்டிதான். யான் விசாரித்த மிருதங்கக்காரர், வயலின்காரர், கோயில் ஓதுவார் பலர் வீட்டிலும் கட்டிலடியில் ஒரு பெட்டி கிடந்தது. ஏன் என்றால் நேர்விடை வந்தது: சுருதி கூட்ட வேண்டாம், சீவாளி நனைக்க வேண்டாம், வில்லுக்கு ரோசின் தேய்க்க வேண்டாம், தொப்பிக்கு ரவை பிசைந்து அப்ப வேண்டாம். துருத்தியைத் திறந்தால் சத்தம். மேடையில் மதிக்காத வாத்தியத்தை வீட்டில் கொஞ்சுகிறார்கள். இவ்வூர் அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் கையும் இந்தக் கட்டைக் குடும்பத்து ஆர்கனுக்குத்தான் போயிற்று என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

மூன்றாவது, நரம்புக்கருவி. நரம்பில் ஓடுவது, அதாவது அப்பா, தாத்தா விட்டுச்சென்றது. வயலின் தமிழனுக்கு நரம்பில் ஓடியதா என்றால், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஆங்கிலேயப் பேண்டுக்காரரிடம் கேட்டுக் கற்ற பிறகு ஓடத் தொடங்கியது. மோவாயில் இடுக்கி நின்றவர்களிடம் வாங்கி, கணுக்காலில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தோம். இப்போது அது நம் பரம்பரைச் சொத்து. வெள்ளைக்காரன் வாசித்தால் ‘நன்றாகத்தான் வாசிக்கிறான்’ என்று சொல்கிறோம். பரம்பரைக்கு விலக்கும் உண்டு. கத்ரி கோபால்நாத் நாதசுரக்காரர் மகன். மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்சபோனைக் கேட்டார். நரம்பு வேறு பக்கம் இழுத்துவிட்டது. கடற்கரைப் பாறைமேல் அமர்ந்து கித்தாரில் நான்கு கார்டை மட்டும் மீட்டும் இளைஞர்களை எதில் சேர்ப்பது என்பது ஆராய்ச்சியில் உள்ளது. இப்போதைக்குக் கடல் அவர்களைப் பொறுத்துக்கொள்கிறது.

நான்காவது, மிடற்றுக்கருவி. மிடறு என்பதற்குத் தொண்டை என்றும், ஒரு வாய்க் குடி என்றும் இருபொருள். வேறூர் உரையாசிரியர்கள் முதற்பொருளைக் கொண்டனர். புதுச்சேரி வரி விகிதத்தை அவர்கள் அறியார். இரண்டாம் மிடற்றுக்குப் பின் கைக்கு வரும் வாத்தியங்கள் இவ்வகை: எவர்சில்வர் தட்டு, தண்ணீர் டிரம், பைக் சீட்டு, நண்பன் முதுகு. தாளம் பிசகாது, பாட்டுத்தான் பிசகும். இதைப் பற்றி மேலும் விரித்தல் மரபன்று.

ஐந்தாவது, கஞ்சக்கருவி. கஞ்சம் வெண்கலம், அதனால் ஜால்ரா முதலியன என்பர். கஞ்சன் வைத்திருப்பது என்று கொள்ளலே நேரிது. ஒத்து ஊத ஓர் ஆளுக்குச் சாப்பாடு போட மனமின்றிச் சுருதிப் பெட்டி வாங்கியவர்; அதற்கும் மனமின்றிக் கைபேசியில் தம்புரா வைத்துக்கொண்டவர்; பத்துப் பேர் கூலியை ஒரே கீபோர்டில் அடக்கிய கச்சேரிக் காண்டிராக்டர். கீபோர்டுக்குள் நாதசுரமும் உண்டு என்று ஒருவர் அமுக்கிக் காட்டினார். அவ்வொலியைக் கேட்ட தவில்காரர் எழுந்து டீ குடிக்கப் போனார். ஜால்ராவைக் கஞ்சக்கருவியில் கடைநிலை என்றே யான் முதற்படியில் எழுதியிருந்தேன். எவரும் விரும்பி எடுக்காதது. வேறு வாத்தியம் தெரியாதவன் கையில் திணிப்பது.

ஐந்தையும் சரிபார்க்க ஒரு நாள் வாய்த்தது. 1982-இல் பிரான்சில் ஓர் ஆய்வு, அந்நாட்டில் 50 லட்சம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று கண்டது. எல்லாம் வீட்டுக்குள் கிடக்கிறதே, வாருங்கள் தெருவுக்கு என்று அரசின் இசைத்துறையில் இருந்த மோரிஸ் பிளரே அழைத்தார். ஜூன் 21-இல் தொடங்கிய அந்த இசைத் திருநாளை அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறது. கட்டிலடி வாத்தியமெல்லாம் வெளியே வரும் நாள். என் ஆராய்ச்சிக்கு இதைவிடக் களம் ஏது? புது நோட்டு, இரண்டு பேனா, வகைக்கொரு பத்தி கோடு கிழித்துக்கொண்டு போனேன்.

பிரதான நிகழ்ச்சியை விட்டுச் சந்து ஒன்றில் திரும்பினேன். வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர். பெட்டி ஒன்று, டோலக் ஒன்று, என் தவில்காரர் கையில் கஞ்சிரா. இன்னும் வரவில்லைதான். யான் பேனாவைத் திறந்தேன். பெட்டிக்காரர் கட்டையிலிருந்து கையெடுக்காமலே முகவாயால் சாடை காட்ட, ஒரு சிறுவன் வந்து என்னிடம் எதையோ நீட்டினான். “சும்மாத்தானே நிக்கிறீங்க தாத்தா, இதைப் போடுங்க.”

ஜால்ரா. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அதைப் போட இரண்டு கையும் வேண்டும். ஜூன் 21-ஆம் தேதிக் குறிப்பில் கோடு மட்டும் இருந்து எழுத்து இல்லாத பக்கங்களுக்குக் காரணம் இதுவே.