மொட்டை டயர் மீமாம்சை: வேலந்தாவளம் முதல் போடிமெட்டு வரை ஓர் ஆய்வு

பாயிரம்

டயர் கறுப்பு என்பதிலும் வட்டம் என்பதிலும் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. குறிப்பாக ஒரு கேள்வி தீராமல் கிடக்கிறது. வாரம் முழுக்கக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய்வரும் அதே ஸ்போர்ட்ஸ் கார், ஞாயிற்றுக்கிழமை கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்னும் பந்தயத் தடத்தில் ட்ராக் டே ஓடவும் போகிறது என்றால், அதற்கு எந்த டயரை மாட்டுவது? வேலந்தாவளம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் ஒரு பதில். சித்தூர் டயர் கடையில் மூன்றாவது பதில், அதுவும் அன்றைக்குக் கையிருப்பில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்து. இந்தக் கேள்வியால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஆய்வுக்குப் பயன் வேண்டும் என்பது சமீபத்தில் பரவிய மூடநம்பிக்கை.

கலைச்சொல்லைத் தெளிவுபடுத்தாமல் ஆய்வு நகராது. ஸ்போர்ட்ஸ் கார் என இக்கட்டுரை கொள்வது யாதெனின், மாமியார் இறங்கும்போது யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டிய உயரத்தில் இருக்கை அமைந்ததும், வேகத்தடையைக் கண்டால் கோணலாகத் திரும்பி ஏறுவதும், வாங்கியவர் மட்டுமே அழகு என்று நம்புவதுமாகிய நான்கு சக்கர வாகனம். ஸ்டிக்கர் ஒட்டிய ஹேட்ச்பேக்கும் இதில் அடங்கும் என்ப ஒருசாரார். அவர்களே பெரும்பான்மையோர் ஆதலின் அடங்கும்.

மூலநூல் ஆராய்ச்சி

இத்துறையின் மூலநூல் டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கிறது. குனிந்து படிப்பார்தாம் இல்லை. 195/55 ஆர்16 87வி என்றொரு வரியை எடுத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு சுவரின் உயரம், அதாவது ஏறக்குறைய 107 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், 16 என்றால் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 87 என்பது எடைக்குறி, ஒரு டயர் 545 கிலோ சுமக்கும். வி என்பது வேகக்குறி, மணிக்கு 240 கி.மீ. வாளையார்–வடக்கஞ்சேரி நாற்கரச் சாலையில் சட்டம் கொடுத்திருப்பது 100. மிச்சமிருக்கும் 140 கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற ஏக்கமே ட்ராக் டே என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது எனலாம். 2023 ஜூன் மாதம் கேரளம் 726 கேமராக்களை இயக்கி அபராதம் போடத் தொடங்கிய பிறகு அந்த ஏக்கம் தத்துவமாகவே முதிர்ந்துவிட்டது.

பக்கச்சுவரில் சற்றுத் தள்ளி நான்கு எண்கள் தனியே நிற்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்தது என்று பொருள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு துல்லியமாக ஜாதகம் கிடைப்பதில்லை. ஆனாலும் வாங்குகிறவர்கள் விலையைத்தான் கேட்கிறார்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து, வெளிநாட்டு மென்ரப்பர் டயர் நினைத்த நேரத்தில் கிடைக்கும் பண்டமாக இல்லை. ஆகவே யாராவது ‘கடைசி செட் சார்’ என்று மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தால், விரலால் தூசியைத் துடைத்து அந்த நான்கு எண்களைப் படிக்கவும். ரப்பர் சும்மா கிடந்தாலும் மூப்படையும், இறுகும்.

இறக்குமதி டயர்களில் ட்ரெட்வேர் என்றோர் எண்ணும் இருக்கும். 200 அல்லது அதற்குக் கீழே என்றால் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. 400, 500 என்றால் கெட்டி, நெடுநாள் உழைக்கும். இந்த எண் பிறந்த கதை ஆய்வாளரை நெகிழவைப்பது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதை ஒன்று உண்டு. அதிலே கார்களை வரிசையாக 7,200 மைல் ஓட்டி, ஒரு மேற்கோள் டயரோடு தேய்மானத்தை ஒப்பிடுகிறார்கள். பிறகு எண்ணைப் போட்டுக்கொள்வது அந்தந்தக் கம்பெனியே. பரீட்சை எழுதியவரே தாளையும் திருத்தும் இம்முறையில் விளைந்த எண்ணை வைத்துத்தான் நம்மூரில் நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிறார்கள்.

மொட்டைக் கட்சியும் பட்டன் கட்சியும்

இனி மையப் பொருள். ட்ராக்கில் ஓடும் உயர்ந்த டயருக்குக் கோடே கிடையாது, வழவழவென்று இருக்கும். நம்மூர் வழக்கில் அது மொட்டை டயர். காரணம் எளிது. தரையைத் தொடும் ரப்பர் கூடக்கூடப் பிடிப்பு கூடும். கோடுகளுக்கு நடுவே நிற்கும் கட்டைகள் வளைந்து நெளியும், சூடேறும். கோடே இல்லையென்றால் நெளிய ஒன்றும் இல்லை. இதே காரணத்தால், சாதாரண ரோட்டு டயர்கூடத் தேயத் தேயக் காய்ந்த தரையில் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். புது டயரைச் சீவி மெலிய வைத்துப் பந்தயத்துக்கு எடுத்துப்போகிறவர்களும் உண்டு. அதாவது ஏழையின் காருக்குக் காலம் இலவசமாகச் செய்து கொடுப்பதை, பணக்காரர் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார். இதற்கான நூற்பாவை, வேறு புலவர் யாரும் முன்வராததால், இக்கட்டுரையாளரே இயற்ற நேர்ந்தது:

மொட்டை உலர்வழி மேம்படும்; நனைவழிக்
கெட்டது கேட்பாரும் இலரே.

உரை: காய்ந்த தரையில் மொட்டை சிறக்கும். நனைந்த தரையில் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இருக்காது. இனி, காலம் தந்த மொட்டையும் காசு தந்த மொட்டையும் ஒன்றெனக் கொள்ளற்க. முன்னது இறுகிப்போன ரப்பர், உள்ளே கம்பி தெரியக் காத்திருப்பது. பின்னது மெழுகுபோல் மென்மையானது, சூடேறினால்தான் ஒட்டும். இரண்டையும் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறது. கார் டயரின் கோட்டில் 1.6 மி.மீ. ஆழம் இருந்தாக வேண்டும். ஃபார்முலா ஒன்னே 1998 முதல் 2008 வரை மொட்டையை விலக்கி, டயரில் கோடு போட்டுத்தான் ஓடியது. அவர்களுக்கே பதினோராண்டு அபராதம் என்றால் நமக்கு வாளையாரில் என்ன மரியாதை இருக்கப்போகிறது?

எதிர்க்கட்சியின் தலைமையகம் இடுக்கி எல்லையில் இருக்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளுக்கு வேண்டியது பட்டன் டயர், கட்டை கட்டையாய்ச் சேற்றைக் கவ்வுவது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே டயர் பார்ப்பது பொழுதுபோக்கில் சேராது, பின்னால் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களின் உயிர்க்கணக்கு. ட்ராக் ஆசாமிகள் ஒரு தரமாவது அந்த ஜீப்பின் டயரைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பது ஆய்வுக்குப் புறம்பான என் கருத்து.

வரலாற்றுச் சான்று

டயர் தேர்வு என்பது ஊழ் என்பதற்குக் கோவையே சான்று. கரி ட்ராக் 2003இல் திறந்தது, ஒரு சுற்று 2.1 கி.மீ. மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கோவையிலேயே கட்டிக்காட்டி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயர் அந்த ட்ராக்குக்கு. அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்த ஆண்டு விதி விநோதமானது. தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. ஜூன் 19, இண்டியானாபொலிஸ். பதின்மூன்றாவது வளைவு சாய்தளம். மிஷலின் டயர்கள் அதைத் தாங்கா என்று தெரிந்துவிட்டது. மிஷலின் மாட்டிய பதினான்கு கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. கார்த்திகேயன் நான்காவது, ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் முதன்முதல் எடுத்த புள்ளிகள் அவை, அவர் வாழ்நாளில் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அவையே. திறமைசாலிகள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு ரப்பர்தான் பேசியது.

காற்றியல்

இவ்வாய்வின் சொந்தப் பங்களிப்பு இந்தப் பகுதியே. டயருக்குள் காற்று பத்து டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். ட்ராக்கில் நாற்பது டிகிரி ஏறுவது சாதாரணம், எனவே ஆறு பிஎஸ்ஐ. அதற்காகவே ட்ராக்காளர்கள் 32ஐ 26 ஆக இறக்கிக்கொண்டு ஓட்டத் தொடங்குகிறார்கள். ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் 40 டிகிரி வெயிலும் சேர்ந்தால் தார் தானே டயரைக் காய்ச்சி வைத்திருக்கும், இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்பாரும் உளர். இதுவரை சரி.

மலையில் நடப்பதுதான் வியப்பு. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.6 பிஎஸ்ஐ குறையும். ஆகவே மானியில் டயர் அழுத்தம் அவ்வளவு கூடியதாகக் காட்டும். ஆனால் மேலே போகப்போகக் குளிரும், ஆறேழு டிகிரி குறையும், அதனால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஒன்று கூட்டி ஒன்று கழித்தால் மிஞ்சுவது அரை பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க் மானியே அதைவிட அதிகமாகத் தப்புக் காட்டும். எனவே, மலையேறுமுன் காற்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்று கம்பம் பக்கம் நடக்கும் விவாதத்தை இக்கட்டுரை இத்துடன் முடித்துவைக்கிறது. நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஓசிக் காற்றிலும் நூற்றுக்கு எழுபத்தெட்டு நைட்ரஜனே.

ஆபத்து ட்ராக்கிலிருந்து திரும்பி வருகையில் இருக்கிறது. மழை நீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா விமானச் சக்கரங்களுக்காகக் கண்ட கணக்கு ஒன்று உண்டு. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. 32 பிஎஸ்ஐயில் மணிக்கு 94 கி.மீ., 26இல் 85. ட்ராக்கில் குறைத்த காற்றை அப்படியே விட்டுவிட்டு, மாலையில் தென்மேற்கு மழைக்குள் வாளையார் தாண்டுகிறவர் சட்டப்படி 100இல் போனாலும் கணிதப்படி படகில் போகிறார். கோடில்லாத டயர் என்றால் கணக்கே தேவையில்லை. வழியில் காற்றுப் பிடிக்கிற தம்பி கேட்பது நியாயம்தான்: “ஏனுங்ணா, நாலுலயும் இருபத்தாறுதான் இருக்குது, நாலும் பஞ்சருங்களா?”

இருபது நிமிட அமர்வு ஒன்றில் கரியில் முப்பது கிலோமீட்டர் தேறினால் அதிகம். நாள் முழுக்க ஓடினாலும் நூற்றுச் சொச்சம். மற்ற ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் தத்தமங்கலம் குழிகளிலும் மூணாறு மழையிலும்தான். இதுதான் கேள்விக்கான விடை, பக்கச்சுவரில் எழுதாத விடை. போகிற வழிக்கு டயர் வாங்க வேண்டும், போய்ச் சேரும் இடத்துக்கு அல்ல. அகலமான டயர் மாட்டி மட்கார்டுக்கு வெளியே நீட்டலாம் என்ற மாற்றுக் கொள்கையும் நிற்காது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

முடிபு

கம்பெனி சொன்ன அதே அளவு. ட்ரெட்வேர் 300ஐ ஒட்டிய நல்ல ரோட்டு டயர், நான்கும் ஒரே ஜாதி, பிறந்து ஓராண்டுக்குள். மிச்சமாகும் பணத்தைப் பிரேக் பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் கொடுங்கள், ஏனென்றால் கரியில் முதலில் கைவிடுவது அவைதாம். மொட்டைதான் வேண்டும் என்பவர்கள் தனி ரிம்மில் மாட்டி, பிக்கப் வண்டியில் ஏற்றிவந்து, அங்கேயே மாட்டிக் கழற்றட்டும். அதற்கு வசதி உள்ளவர்கள் எந்த ஆய்வையும் படிப்பதில்லை. மற்றவர்கள் செட்டிபாளையத்தை விட்டுக் கிளம்பும்முன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.