சிவப்புக்குக் கைதட்டியவர்

கேள்வி: மேலதிகாரி சரியில்லை என்றால் அலுவலகமே கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டுப்போகும். மேலே இருப்பவர் முகம் சுளித்தால், கீழே இருப்பவர்கள் உண்மையை விழுங்கிவிடுவார்கள்.

2006-இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் ஆலன் முலாலி. வாரந்தோறும் வியாழக்கிழமை கூட்டம். ஒவ்வொரு அதிகாரியும் தன் துறையின் நிலவரத்தை நிறத்தில் காட்ட வேண்டும்: நலம் என்றால் பச்சை, கவனம் தேவை என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. ஆரம்பத்தில் எங்கு பார்த்தாலும் பச்சைதான்! கம்பெனிக்கோ அந்த ஆண்டு நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டே விட்டார்.

கடைசியில் துணிந்தவர் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி. கனடா ஆலையில் தயாரான எட்ஜ் காரின் பின்கதவில் கோளாறு. வண்டிகளை அனுப்பாமல் நிறுத்தி வைத்து, சிவப்பைக் காட்டினார். அறையே கப்சிப். ஆள் தொலைந்தார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

முலாலி கைதட்டினார்!

யார் உதவ முடியும் என்று கேட்டார். ஆளுக்கொரு யோசனை வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மற்ற அதிகாரிகளின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்த்தன.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசுப் பணத்தில் பிழைத்தன. ஃபோர்டுக்கு அந்த நிலை வரவில்லை. கைதட்டல் மட்டுமே காப்பாற்றியது என்று சொல்வது நியாயமில்லை; 2006-லேயே தன் நீலச் சின்னம் உட்படச் சொத்துகளை அடமானம் வைத்துப் பெருங்கடன் வாங்கியிருந்தது அந்த நிறுவனம்.