பேரனைக் காட்டினால்தான் அப்பனுக்கு அனுமதி

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளை இளைத்துப்போனான் என்று அம்மா அழுதாளாம். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, காரணம் உங்கள் பேரன்தான் என்று சொல்லிவிடுங்கள். போனிலேயே விளக்கியிருப்பேன், எடுத்தவுடன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் அவன் தூங்கும் நேரம் பார்த்து இந்தக் கடிதம்.

சனிக்கிழமைகளில் உங்கள் மருமகளுக்கு டியூட்டி. அன்றைக்குப் பையன் என் பொறுப்பு. நம் ஆலங்காயத்தில் பையனைப் பார்த்துக்கொள்வது என்றால் தெருவில் இறக்கிவிடுவது. பக்கத்து வீட்டு ஆயா தூக்குவாள், எதிர்வீட்டு அக்கா சோறூட்டுவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். நீங்கள் என் பின்னால் ஓடி நான் பார்த்ததே இல்லை. குறையாகச் சொல்லவில்லை, பொறாமையில் சொல்கிறேன். இங்கே நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. ஆயா, அக்கா, சித்தப்பா, உப்புமூட்டை தூக்குகிற ஆள் எல்லாம் நானே.

காலையில் ரயிலேறித் தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு ரயிலில் காசு கிடையாது. ஆனால் ரயிலுக்குள் எதையாவது தின்றால் 500 வெள்ளி வரை அபராதம். நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல். ஓசியில் வருகிறவன் கையில் எப்போதும் பிஸ்கட். ஆகவே ஸ்டேஷன் வாசலிலேயே மிச்சத்தையெல்லாம் நான் விழுங்கிவிடுவேன். என் காலைப் பலகாரம் அதுதான்.

பூங்கா 1859இல் தொடங்கியது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் என்று ஓர் இடம். பிள்ளை இல்லாமல் பெரியவர்களை அங்கே விடவே மாட்டார்கள். எனக்குப் பட்டமும் வேலையும் இருக்கிறது; ஆனாலும் வாசலில் என்னுடைய அடையாள அட்டை, மூக்கு ஒழுகும் இந்த ரெண்டு வயசுக்காரன்தான். அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளே போனதும் தொங்குபாலம், சறுக்குமரம், மணல் என்று துரை முன்னால் நடக்கிறார்; பை, தொப்பி, தண்ணீர், ஒற்றைச் செருப்பு சகிதம் நான் பின்னால்.

இந்தப் பூங்காவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு அப்பா. இதன் இயக்குநராக இருந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான் மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் இறக்கும் முறையை வகுத்தவர். பை நிறைய விதையோடு தோட்டக்காரர்களை விடாமல் துரத்தி நடச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பேர் வாங்கினார். அந்தப் பைத்தியம் பலித்ததால்தான் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி மலாயாவில் பால்மரம் சீவினார்கள். உங்கள் பேரன் சட்டைப்பையிலும் எந்நேரமும் விதைதான். ரிட்லி பயிர் செய்தார், இவன் வாஷிங் மெஷினுக்குள் போடுகிறான்.

மத்தியானம் தூங்குவான் என்று நம்பித் தள்ளுவண்டியில் படுக்க வைத்தால், வண்டியை அவன் தள்ள வேண்டுமாம். சரி என்று அதே ரயிலில் பிஷான் போவோம். அங்கேயுள்ள பூங்காவில் காலாங் ஆறு ஓடுகிறது. முன்பு அது 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளியும் 3 கிலோமீட்டர் ஆறாக்கி 2012இல் திறந்துவிட்டார்கள். கால்வாய் ஆறாகி நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. வாணியம்பாடிப் பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஆற்றில் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக வரும். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். நான் ஊட்டினால் துப்புகிறவன், நீர்நாயைக் கண்டதும் தானதர்மத்துக்குக் கிளம்பிவிடுகிறான். கையைப் பிடித்து நிறுத்தினால் தரையில் உருண்டு அழுகை. போகிற சீனப் பாட்டிகள் எல்லாரும் என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

நம் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கியை வைத்து எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இங்கேயோ நான் செருப்பின் வாரைப் போட்டு நிமிர்வதற்குள் பையன் புதருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறான்.

ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்குகிறோம். முதலில் நான், பிறகு அவன்.

பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா? பொங்கல் முடிந்ததும் அம்மாவும் நீங்களும் புறப்பட்டு வாருங்கள். சனிக்கிழமை ஓட்டத்தில் பாதியை உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். மலைச் சாமை ரெண்டு கிலோ போதும்; முழங்கால் தைலம் மட்டும் எனக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்