துளைப்படலம்

மீன்தொட்டி என்பது யாது? தண்ணீர் ஒழுகாமல் நிற்கும் கண்ணாடிப் பெட்டி என்ப. அற்றேல், ஒழுகாமை ஒன்றையே இலக்கணமாக உடைய பொருளில் காசு கொடுத்து ஓட்டை போடுதல் முறையோ எனின், முறையே. அதை நிறுவ எழுந்ததே இவ்வாராய்ச்சி.

மறுப்புரை எங்கள் வீட்டிலேயே கிளம்பிவிட்டது. "ஏங்க, நல்லா இருக்கிற தொட்டியில எதுக்கு ஓட்டை போடறீங்க?" என்று சமையலறையிலிருந்து வந்த வினாவை இவ்வாய்வு பூர்வபட்சமாக ஏற்றுக்கொள்கிறது. உடனே விடை சொல்ல முடியாமற்போனதால்தான் கட்டுரையாக எழுத நேர்ந்தது.

முதலில் சொல்லாராய்ச்சி. மேல்தொட்டியில் மிகும் தண்ணீர் துளை வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் புகுந்து அழுக்கு நீங்கி, மோட்டார் வழியே மறுபடி மேலேறும். கீழ்த்தொட்டிக்குக் கொளத்தூர் மீன்கடைகளில் 'சம்ப்' என்று பெயர். வாசலில் இரும்பு மூடிக்கடியில் லாரித் தண்ணீரைத் தேக்கும் சென்னைவாசிக்கு இந்தச் சொல் புதிதன்று. வழியும் இடத்துக்கு மட்டும் 'ஓவர்ஃப்ளோ' என்று ஏன் வாய் வலிக்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை. ஏரி நிறைந்தால் நீர் வழியும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர் இருக்கிறதே! கலிங்கில் வழிந்தது மறுகால் பாய்ந்து அடுத்த ஏரியை நிரப்பும். மீன்தொட்டி அதேதான், கீழேரித் தண்ணீரை மேலேரிக்கு ஏற்ற ஒரு மோட்டார் உண்டு என்பதே வேறுபாடு. கலிங்கின் உயரத்தில் மேல்மட்டம் அப்படியே நிற்கும். மே மாத வெயிலில் ஆவியாகிக் குறைவதெல்லாம் கீழ்த்தொட்டியின் கணக்கில் போகும்.

துளையே வேண்டாம், வளைகுழாய் வைத்த பெட்டியை விளிம்பில் மாட்டினால் போதும் என்பார் ஒரு சாரார். இவர்களைத் தொங்கல்வாதிகள் என்க. வளைவின் உச்சியில் காற்றுக்குமிழ் சேர்ந்தால் இறக்கம் அறுந்துவிடும். மோட்டாருக்கு இது தெரியாது. அது ஏற்றிக்கொண்டே இருக்கும், கூடத்தில் மீன் நீந்தும். ஆகவே அவர் மதம் பொருந்தாது.

இனிக் கண்ணாடி. நம் ஊர்க் கடைகளில் சிலிகான் வைத்து ஒட்டித் தரும் தொட்டி பெரும்பாலும் ஃப்ளோட் கண்ணாடி. உருக்கிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் இம்முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மிதந்து பிறந்த பொருளுக்குள் மீனை மிதக்கவிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. டஃபண்டு கண்ணாடியில் மட்டும் துளை போட முடியாது. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். துளைக்கருவி உள்ளே எட்டிய கணத்தில் பலகை முழுவதும் கற்கண்டாகிவிடும். சோதனை எளிது. கண்ணாடிக்குப் பின்னால் மடிக்கணினித் திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுப் பார்த்தால் டஃபண்டில் புள்ளிபுள்ளியாக நிழலோ வண்ணமோ தெரியும். இரவு பதினோரு மணிக்குக் கூலிங்கிளாஸ் அணிந்து காலித் தொட்டியை உற்றுப் பார்த்த ஆய்வாளனைக் கண்ட அவன் மாமியார் ஒன்றும் சொல்லாமல் போனது ஆய்வேட்டில் பதிவு செய்யத்தக்கது.

துளையிடுதல் என்பது வழக்குச் சொல்லே. நிகழ்வது தேய்த்தல். பிட்டுக்குப் பல் கிடையாது. வட்ட விளிம்பில் ஒட்டிய வைரத்துகள் கண்ணாடியை அரைத்துத் தின்கிறது. சூடு ஒரே இடத்தில் ஏறினால் விரிசல் ஓடும். அதனால் பிட்டைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ட்ரில்லைச் சாய்த்துப் பிடித்து முதலில் பிறைபோல ஒரு கீறல். பிறகு மெல்ல நிமிர்த்தினால் பிறை முழுநிலா ஆகும். வேகம் குறைவு, அழுத்தம் அதைவிடக் குறைவு. தண்ணீர் அரிசி கழுவிய கழுநீராக வெளுக்கும்போது வேலை நடக்கிறது என்று பொருள். கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் மனிதர்க்கு அவசரம் வருகிறது. என் முதல் கண்ணாடி அங்கேதான் போனது. 'டிக்' என்று ஒரு சத்தம், நகம் சொடுக்கியதுபோல. துளையிலிருந்து மூலை வரை ஒரு மயிரிழை. கூப்பிட்டு வந்த கண்ணாடிக்கடைத் தம்பி ஒரே பார்வையில் சொன்னான்: "அண்ணே, ஓரத்துல இருந்து ஓட்டையோட அகலமாவது தள்ளிப் போடணும்ணே. நீங்க கரையிலயே கிணறு வெட்டியிருக்கீங்க."

துளையின் அளவு? டேங்க் கனெக்டரை முதலில் வாங்கி, அதன் மரையை அளந்து, அதற்கேற்ற பிட்டை வாங்குக. இதைத் தலைகீழாகச் செய்தவர் வீட்டில் இரண்டு பிட் இருக்கும். ரப்பர் வாசர் தொட்டியின் உட்பக்கம். கையால் இறுக்கியபின் கால் திருகு போதும். அடியில் போடாமல் பின்சுவரின் மேற்பகுதியில் இரண்டு துளை போட்டேன். ஒன்றில் கேட் வால்வைத் திருகிக் குழாய் முழுக்கத் தண்ணீராக இறங்கச் செய்தால் சத்தமே இருக்காது. மற்றது, முதலாவதில் இலை அடைத்தால் உதவிக்கு. காற்றும் நீரும் கலந்து இறங்கினால் அபார்ட்மெண்ட் முழுவதும் யாரோ ஓயாமல் ஃப்ளஷ் இழுப்பதாக நினைக்கும்.

எஞ்சியது கரண்ட் கட். மோட்டார் நின்றதும் தண்ணீரை ஏற்றிய குழாயே அதைத் திருப்பி உறிஞ்சும். என் மேல்தொட்டி நான்கடிக்கு ஒன்றரை அடி, பரப்பு 6 சதுர அடி. கீழ்த்தொட்டி இரண்டரைக்கு ஓரடி, பரப்பு 2.5 சதுர அடி. மேலே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கீழே 2.4 ஏறும். குழாய் வாய் மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருந்ததால் 12 சென்டிமீட்டர், ஏறத்தாழ 28 லிட்டர். சம்பில் காலியிடம் ஒன்பது சென்டிமீட்டர்தான். மிச்சத்தைக் கூடம் ஏற்றது.

பரிகாரமும் ஓட்டையே. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை. மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து உறிஞ்சல் அறும். போட்டேன். நேற்றிரவு வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து, வீட்டாரை நிறுத்திவைத்துக் காட்டினேன். சம்பில் தண்ணீர் ஏறியது, விளிம்புக்கு நான்கு விரற்கடை இருக்கையில் நின்றது. பூர்வபட்சத்தார் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொட்டியருகே குனிந்தார்.

"ஏங்க, இந்த நத்தை எங்க போகுது?"

அது குழாய்மேல் அந்த ஓட்டையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.